கோட்டுக்கு வைத்த மஞ்சள்

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் அமெரிக்காவின் ஆலன் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குள் எழிலரசியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏரிக்கரையில் தங்கப் போவதற்கென்று வாங்கிய கூடாரம், துணி காய்ந்த கையோடு கடைக்குப் போய்விடும். மகள் தென்றலின் பிறந்தநாளுக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கர், பலூன்கள் சுருங்குவதற்கு முன்பே போய்விடும். யாராவது கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"நான் என்ன திருடறனா? புடிக்கலீன்னா கொண்டு வான்னு அவனேதான போர்டு வெச்சிருக்கறான். யூஸ் பண்ணிப் பார்க்காம புடிச்சுதா இல்லியான்னு எப்படிச் சொல்றது?"

"நல்லவேளை, உன்ற கல்யாணத்துக்கு பில்லு குடுக்கல. குடுத்திருந்தா செல்வராஜண்ணன் எப்பவோ ரிட்டர்ன் ஆயிருப்பாரு" என்று தோழி ஸ்வர்ணா சிரிப்பாள். எழிலரசியும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு அது பட்டம் கொடுத்த மாதிரிதான் இருந்தது.

அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் முடிவு வந்தது. பெரிய கடை ஒன்றில் ஒரு மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்க நின்றபோது, கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், எழிலரசியைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "உங்கள் பெயரில் இனி எதையும் திருப்பி வாங்கக் கூடாது என்று சிஸ்டம் சொல்கிறது" என்று மெல்லிய குரலில் சொன்னாள். மெல்லச் சொன்னதுதான் எழிலரசிக்கு அதிகம் சுட்டது. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் அதைப் பற்றிக் கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

இந்த நிலையில்தான் செல்வராஜின் சிட்டிசன்ஷிப் உறுதிமொழி விழாவுக்குத் தேதி வந்தது. எத்தனையோ வருடம் கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, அதற்குப் பின்னும் காத்திருந்து வந்த நாள். காங்கேயத்துக்காரனான செல்வராஜ் பிறந்ததிலிருந்து கோட்டு போட்டதில்லை. கல்யாணத்துக்கு வேட்டி சட்டை. ஆபீஸுக்குக் காலர் வைத்த டீ சர்ட்.

"ஒரு கோட்டு இருந்தா நல்லாருக்குமில்ல, எழிலு?" என்று அவன்தான் முதலில் கேட்டான். தனக்கென்று அவன் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் அவள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் கூத்துக்கு முழுக் கோட்டு வாங்கி அலமாரியில் தொங்கவிட அவளுக்கு மனசு வரவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத கடையாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்படித்தான் அவளுக்கு மெக்கின்னி கடைவீதி நினைவுக்கு வந்தது.

ஆலனிலிருந்து வடக்கே காரில் கொஞ்ச நேரம் போனால் மெக்கின்னியின் பழைய கடைவீதி வரும். நடுவில் பழைய கோர்ட்டுக் கட்டடம். அதைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் கட்டடங்களில் தனித்தனிக் கடைகள். ஒன்றில் பூட்ஸ், ஒன்றில் மிட்டாய், ஒன்றில் மெழுகுவத்தி. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலாளியே எழுந்து வந்து, "வெயில் எப்படி?" என்று விசாரிப்பார். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எழிலரசி இங்கே கூட்டி வருவாள். வேடிக்கை பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், ஐஸ்க்ரீம் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். எதுவும் வாங்கியதில்லை.

டார்லீன், வால்ட் என்ற வயதான கணவன் மனைவியின் ஆண்கள் துணிக்கடை அந்த வரிசையின் மூலையில் இருந்தது. டார்லீன் கல்லாவில். வால்ட் கழுத்தில் அளவு நாடாவும் சட்டைப் பையில் துணியில் குறி போடும் மஞ்சள் சாக்குக் கட்டியுமாகக் கண்ணாடி முன்னால். பில்லைக் கையால் எழுதினார்கள். அதன் அடியில், 'போடாமல், டேக் வெட்டாமல் கொண்டுவந்தால் இரண்டு வாரத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்று அச்சிட்டிருந்தது. எழிலரசி முதலில் படித்தது அதைத்தான்.

வால்ட் செல்வராஜின் தோளை அளந்தார். அளந்ததை எழுதப் போனவர் வழியிலேயே மறந்துவிட்டு, வந்து மறுபடி அளந்தார். எதற்குக் கோட்டு என்று கேட்டார். சொன்னதும் நாடாவை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டார்லீன், இங்கே வா, இவர் நம்ம ஆள் ஆகப் போகிறார்!" என்று கூப்பிட்டார். செல்வராஜ் காது சிவக்க நின்றான். கரு நீலக் கோட்டு, உள்ளே வெளிர் சாம்பல் பட்டுத் துணி. கை மட்டும் அரை இஞ்சு நீளம்.

"இப்போதே குறைத்துத் தருகிறேன், காசு வேண்டாம்" என்றார் வால்ட்.

"வேண்டாங்க, இதே நல்லாத்தான் இருக்குது" என்று எழிலரசி முந்திக்கொண்டாள்.

"நீளமாத்தான இருக்குது, எழிலு. அவரே செய்யறேங்கறாரே."

"அப்புறம் பார்த்துக்கலாங்க. வாங்க."

வெட்டித் தைத்த துணியை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

விழாவன்று காலை அவள் டேக்கைக் கோட்டுக் கையின் உள்ளே மடித்துச் சொருகினாள். "வெட்டீராதீங்க, நானே அப்புறம் எடுக்கறேன்" என்றாள். அவன் கேள்வி கேட்கவில்லை. மண்டபத்தில் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபோது, நீளமான அந்தக் கைக்குள்ளிருந்து டேக் நழுவி வந்து மணிக்கட்டில் ஊசலாடியது. நண்பர் ஸ்ரீநிவாசன் எடுத்த போட்டோவில் எல்லாமே தெளிவாக விழுந்திருந்தது. "என்ன செல்வா, அமெரிக்காவே உனக்கு டேக் மாட்டி விட்டிருச்சு?" என்று அவர் கிண்டலடித்தார். செல்வராஜ் சிரித்தான். அந்தப் போட்டோவைத்தான் ஊருக்கும் அனுப்பினான்.

சனிக்கிழமை கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் காரில் கிளம்பினார்கள். கைநீளத்தைக் குறைக்கப் போகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாதி வழியில்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"திருப்பறதா?" என்றான் அவன். கொஞ்ச தூரம் ஓட்டினான். "எனக்குன்னு வாங்குனதுன்னு நெனச்சன்."

"இனி எங்க போடப் போறீங்க? எடத்தத்தான் அடைக்கும்."

அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. கோபம் வந்தால் அவன் பேசாமல் போய்விடுவது வழக்கம். அன்று மட்டும் பேசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கடையில் டார்லீன் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். "வா ஹனி, வா. விழா எப்படி நடந்தது?"

"நல்லா நடந்தது" என்று எழிலரசி ஆங்கிலத்தில் சொன்னாள். "ஆனால் இந்தக் கோட்டு பொருந்தவில்லை. திருப்பிக் கொடுக்க வந்தோம்."

"அடடா. அப்படியென்றால் அன்றைக்கு என்ன போட்டுக்கொண்டார்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. பெரிய கடைகளில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. "வெறும் சட்டைதான்" என்றாள். பின்னால் செல்வராஜ் கழுத்து டைகள் தொங்கும் கம்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாவம், அவ்வளவு பெரிய நாளில்" என்று டார்லீன் உண்மையாகவே வருந்தினார். டேக்கைப் பார்த்தார், இருந்தது. கைகளைப் பார்த்தார், காலரைப் பார்த்தார். கோட்டை விரித்து உள்துணியைப் பார்த்தவர் நின்றுவிட்டார். உள்பைக்குக் கீழே, சாம்பல் பட்டின் ஓரத்தில், பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் பொட்டு.

எழிலரசிக்குப் பார்த்த நொடியில் புரிந்தது. புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் உடம்பில் போடுவது. அவள் வீட்டிலும் அதுதான் வழக்கம், அவன் வீட்டிலும் அதுதான். விழாவன்று காலை அவள் டாக்குமெண்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது செல்வராஜ் கோட்டை எடுத்துக்கொண்டு சாமி அலமாரிப் பக்கம் போனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் முகமே சொல்லிவிட்டது.

டார்லீன் கட்டை விரலால் தேய்த்தார். போகவில்லை. "இது என்ன ஹனி?"

"வாங்கும்போதே இருந்தது" என்றாள் எழிலரசி.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. எத்தனையோ கவுண்டர்களில் சொல்லிப் பழகிய வாய். 'திறக்கவேயில்லை', 'ஒருதரம்கூட உபயோகிக்கவில்லை' என்று சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வாய். அதுவே வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

டார்லீன் கண்ணை மூடித் திறந்தார். அவர் அவளைச் சந்தேகப்படவில்லை. "வால்ட்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்த வால்ட் வந்தார். செல்வராஜைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கை நீட்டினார். டார்லீன் அந்தக் கைக்குக் குறுக்கே கோட்டை நீட்டி, பொட்டைக் காட்டினார். "இது உன் சாக்குக் கட்டிதானே?"

வால்ட் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் உள்துணியில் குறி போடுவதில்லையே, டார்லீன்."

"போன மாதம் பாதிரியாரின் வெள்ளைச் சட்டையில் போட்டாய். அதற்கு முன்னால் அந்தக் கல்யாணப் பையனின் கோட்டில்."

வால்ட் பொட்டைப் பார்த்தார். தன் விரல் நுனியைப் பார்த்தார். அதில் சாக்குப் பொடி மஞ்சளாக ஒட்டியிருந்தது. "அப்படியானால் நான்தான் போட்டிருப்பேன்" என்றார். பிறகு எழிலரசியிடம் திரும்பி, "மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் கொஞ்சம் தவறிவிடுகிறது" என்றார்.

சொல்வதற்கு அதுதான் நேரம். எழிலரசி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நாம் பேசி வைத்தது ஞாபகம் இருக்கிறதா?" என்று டார்லீன் அவர் காதருகே போய்க் கேட்டார். "இன்னொரு தடவை நடந்தால் என்ன செய்வதென்று?" வால்ட் ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். டார்லீன் அவர் கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சாக்குக் கட்டியை எடுத்தார். தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுகிற மாதிரி, அவ்வளவு பதமாக. இரண்டையும் இழுப்பறையில் போட்டு மூடினார். "நீ வாசல் பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்றால் போதும், கண்ணே."

வால்ட் சன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் வைத்தார், பிறகு மடித்துக்கொண்டார்.

டார்லீன் பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்தார். எழிலரசி தடுக்கத் தடுக்க, கோட்டுப் பையில் சொருகும் பட்டுக் கைக்குட்டை ஒன்றை மடித்துக் கையில் வைத்தார். "எங்கள் தவறுக்கு. அவருக்கு இது நன்றாக இருக்கும்."

எழிலரசி வாங்கிக்கொண்டாள். 'தேங்க் யூ' என்றும் சொன்னாள்.

வெளியே கடைவீதி ஜேஜே என்றிருந்தது. குழந்தைகள் ஐஸ்க்ரீம் வழிய வழிய நடந்தார்கள். செல்வராஜ் கார் பக்கம் போகவில்லை. கோர்ட்டுக் கட்டடத்தின் படியில் போய் உட்கார்ந்தான்.

"போலாங்க. தென்றலை ஆர்க்கெஸ்ட்ரா கிளாஸ்ல பிக்கப் பண்ணணும்."

"மஞ்ச வெச்சது நானு" என்றான்.

"தெரியும். சொல்லீட்டு வெச்சிருக்கலாமில்ல?"

"புதுத்துணிக்கு மஞ்ச வெக்கறக்கு யாருகிட்டக் கேக்கோணும்? என்ற கோட்டுன்னுதான் வெச்சன்."

பதில் இல்லாதபோது கோபம் வருவது அவள் வழக்கம். "அந்தப் பெரியவருக்கு ஏற்கெனவே மறதி இருக்குதுங்க. அந்தம்மாவே ரெண்டு தடவை சொன்னாங்களே. நம்மளாலயா வந்துச்சு?"

"இருந்துட்டுப் போகட்டும். அந்த ரெண்டும் அவரு பண்ணுனதாவே இருக்கட்டும். இது அவரு பண்ணுல."

"அப்ப நீங்களே சொல்லியிருக்கலாமில்ல? கல்லாட்டம் நின்னீங்களே!"

"நான் வாயத் தொறந்தா நீ பொய் சொன்னீன்னு ஆயிரும். அத நாம் போயி எப்படிச் சொல்லட்டும்?" அவன் மூலைக் கடையைத் திரும்பிப் பார்த்தான். "அன்னைக்குக் கையத் தூக்கி சத்தியம் பண்ணீட்டு வந்து, இன்னைக்குக் கட்டிக்கிட்டவளக் காட்டிக் குடுக்க வாய் வருல, எழிலு. அந்தப் பெரியவரு மூஞ்சியப் பார்க்கவும் முடியுல."

எழிலரசியின் கையிலிருந்த கைக்குட்டை வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. இதைத் திருப்பிக் கொடுக்க யாரும் போர்டு வைத்திருக்கவில்லை. அவள் கடையை நோக்கித் தெருவைக் கடந்தாள். செல்வராஜ் எழுந்து பின்னால் வந்தான்.

போகும்போதே ஒரு பாதிப் பொய் மனசுக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. சாமிக்கு மட்டும் வைத்தோம், போடவில்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பெரியவரும் தப்பிப்பார், தானும் தப்பிக்கலாம். கல்லா முன்னால் போய் நின்று அதையேதான் ஆரம்பித்தாள்.

"அந்தப் பொட்டு சாக்கு இல்லை. டர்மரிக். என் கணவர் வைத்தது. எங்கள் வழக்கம். புதுத்துணியைக் கடவுள் முன்னால் வைக்கும்போது தொட்டு வைப்போம்."

டார்லீன் கொஞ்சம் நேரம் எடுத்துப் புரிந்துகொண்டார். "பாலில் கலந்து குடிப்பார்களே, அந்த மஞ்சளா? ஓ, ஹனி! ஆசீர்வாதமா அது? வீட்டில் கடவுள் முன்னால் வைத்துவிட்டு, மறந்துபோய்க் கொண்டுவந்துவிட்டீர்கள். அவ்வளவுதானே?" என்று அவரே வழியும் செய்து கொடுத்தார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். எழிலரசி கைக்குட்டையைக் கல்லாவில் வைத்தாள்.

"இல்லை. போட்டார். விழாவுக்கு நாள் முழுக்கப் போட்டிருந்தார். திருப்பிக் கொடுப்பதற்கென்றே நான் வாங்கினேன். அவருக்குத் தெரியாது. பெரிய கடையில் என்னிடம் இனி எதையும் திருப்பி வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கடையில் கம்ப்யூட்டர் இல்லை. அதனால்தான் இங்கே வந்தேன்."

டார்லீனின் முகத்தில் கோபம் வரும், திட்டுவார், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள். திட்டவில்லை. கோட்டை எடுத்து மடித்துப் பையில் போட்டார். "பணம் கொடுங்கள், மேம்" என்றார். ஹனி போய் மேம் வந்துவிட்டது. செல்வராஜ் முன்னால் வந்து கார்டை நீட்டினான்.

பிறகு டார்லீன் இழுப்பறையைத் திறந்து நாடாவையும் சாக்குக் கட்டியையும் எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார். "வால்ட், அது நீ இல்லை. இவர்கள் வீட்டில் வைத்த மஞ்சள். நீ போடவில்லை."

வால்ட் நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தார். பிறகு சிரித்தார், பிறர் மனம் நோகக்கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு. "இல்லை டார்லீன், நான்தான் போட்டேன். இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. கோட்டைத் திருப்பிப் போட்டு, பைக்குக் கீழே குறித்தேன்." எழிலரசியிடம், "நீங்கள் எனக்காக இப்படிச் சொல்ல வேண்டாம், அம்மா. நல்ல மனசு உங்களுக்கு" என்றார்.

டார்லீன் நாடாவை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "உன்னிடமே இருக்கட்டும்."

வாசல் மணி அடித்தது. தொப்பி போட்ட ஒருவர் மனைவியோடு உள்ளே வந்து, என்ன நடக்கிறதென்று புரியாமல் பூட்ஸ் அலமாரி அருகே தயங்கி நின்றார். டார்லீன் அவர்களைக் கவனிக்கவில்லை. எழிலரசியின் பக்கம் திரும்பினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்கள், மேம். அவர் நம்புகிறவரைக்கும் சொல்லுங்கள்."

காலணி போட்டுப் பார்க்க வைத்திருந்த குட்டை முக்காலி ஒன்று கிடந்தது. எழிலரசி அதை வால்ட்டின் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது அவர் முழங்கால் உயரம்தான் இருந்தாள். செல்வராஜ் பையிலிருந்து கோட்டை எடுத்து, உள்பக்கம் தெரிய விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"சார்" என்றாள். தொப்பிக்காரரும் அவர் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்த வேண்டும் போலிருந்தது. ஆனால் தாழ்த்தினால் அவருக்குக் காது கேட்காது.

"சார், நான் பொய் சொன்னேன்" என்று உரக்கச் சொன்னாள். வால்ட் அன்பாகத் தலையசைத்தார், நம்பவில்லை. அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.